ரப்பர் விளிம்புப் பிளாஸ்டிக் பெட்டி: திருமுறைகளைப் பூஞ்சணத்திலிருந்து காக்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களின் ஹார்ட்வேர் கடைகளில், மூடியின் உட்புறம் ரப்பர் விளிம்பும் பக்கங்களில் கவ்விகளும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் கிடைக்கிறது. அரிசிக்கும் துணிமணிக்கும் வாங்கிப் போகிறார்கள். வீட்டில் சமய நூல் சேர்ப்பவர்களுக்கும் இதுதான் ஏற்றது என்பது எங்கள் முடிவு. ஆனால் புத்தகங்களை அப்படியே அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடினால், வெளியே இருப்பதைவிட உள்ளே வேகமாகக் கெடும்.

காரணம் எளிது. நம் தாழ்நிலப் பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 65, 70ஐத் தாண்டி நீடித்தாலே பூஞ்சணம் பிடிக்கும். புத்தகத்துக்கு நல்லது 45 முதல் 55 வரை. 25 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் உள்ள நீர் ஒரு கிராம்கூட இல்லை. ஈரம் முழுவதும் தாளுக்குள் இருக்கிறது. நம் வீட்டுக் காற்றில் ஊறிய 12 கிலோ புத்தகத்தை 50 விழுக்காட்டு நிலைக்குக் கொண்டுவர, தாளிலிருந்து ஏறக்குறைய 400 கிராம் நீர் வெளியேற வேண்டும். 5 கிராம் சிலிக்கா பொட்டலம் இரண்டு கிராம் நீரைக்கூட உறிஞ்சாது. மிச்ச ஈரம் போக வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே அடைபடும்.

ஆகவே முதலில் புத்தகத்தை உலர்த்த வேண்டும். வெயிலில் வேண்டாம், தாள் பழுப்பேறும், முதுகுப் பசை காய்ந்து விரியும். ஏர்கோன் உள்ள அறையில் புத்தகங்களை நிமிர்த்தி, பக்கங்கள் விசிறிபோல் சற்றே விரிய நிறுத்துங்கள். இரவுதோறும் ‘டிரை’ நிலையில் ஓடவிட்டு, பகலில் கதவையும் சன்னலையும் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் பெரும்பகுதி ஈரம் இறங்கும். தடித்த உரைநூல்களுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளில் சன்னலைத் திறந்துவைத்து உலர்த்துவதில் பயனில்லை.

பெட்டி வாங்கும்போது 20 முதல் 25 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். 50 லிட்டர் பெட்டியை நூலால் நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். தூக்கும்போது அடித்தட்டு வளைந்து, மூடி விளிம்பை விட்டு விலகும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது பாலிப்புரோப்பிலீன், நூலுக்குத் தீங்கில்லாதது. 3 என்றால் பிவிசி, வேண்டாம். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: ஒரு தாள் கீற்றை விளிம்பில் வைத்து மூடிக் கவ்விகளைப் போட்டு இழுங்கள். வழுக்கி வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று புகும். நான்கு மூலைகளிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும், குறை பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும்.

உலர்த்திய நூலுக்கு 25 லிட்டர் பெட்டியில் 300 முதல் 500 கிராம் சிலிக்கா போதும். மெல்லிய பருத்திப் பையில் கட்டி, பாதி அடியிலும் பாதி மேலும் வையுங்கள். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நச்சு. ஆரஞ்சு நிறமே வாங்குங்கள். நிறம் மாறுவதை மட்டும் நம்ப வேண்டாம். சமையல் தராசில் உலர்ந்த எடையைக் குறித்துவைத்து, 500 கிராம் 600 ஆனதும் எடுத்துக் காயவைப்பதே சரியான கணக்கு. அடுப்புப் பெட்டியில் (ஓவன்) ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் சூடேற்றினால் நிறமி கருகிவிடும். நீர் சேரும் கால்சியம் குளோரைடு டப்பாக்களைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். அது கவிழ்ந்தால் வரும் உப்புநீரில் நனைந்த தாள் பிறகு எளிதில் காயாது.

சிறிய ஈரமானி ஒன்றும் அவசியம். மலிவானவை பல எண்கள் பிசகும், அதனால் முதலில் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் கசியும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால், இனி அது சொல்வதில் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பாச்சை உருண்டையை எங்களால் பரிந்துரைக்க முடியாது. அது பூஞ்சணத்தைத் தடுக்காது, மூச்சுக்கும் கெடுதல். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு ஈரத்தைக் குறைப்பதே மருந்து. துளைக்கும் வண்டு ஏற்கெனவே இருந்தால், நூலைப் பையில் காற்றில்லாமல் மூடி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் திறக்காமல் விடலாம். மீனும் இறைச்சியும் இருக்கும் இடத்தில் தேவாரத்தை வைக்க மனம் ஒப்பாதவர்கள், அந்த நூலைத் தனிப் பையில் மூடி ஒதுக்கி வைத்து, புதுத் தூள் உதிர்கிறதா என்று சில மாதம் கவனிப்பதே வழி.

பல வீடுகளில் நூல்கள் சாமி மேடையிலேயே இருக்கின்றன. பக்தியால் வைக்கிறார்கள், ஆனால் நூலுக்கு வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். விளக்குப் புகையும் எண்ணெயும் தாளில் படியும், கற்பூரக் கரி நிரந்தரக் கறையாகும், அட்டையில் இட்ட ஈரச் சந்தனத்தில் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். தினமும் ஓதுவதற்கு மலிவான பதிப்பு ஒன்றை மேடையில் வைத்துவிட்டு, நல்ல பதிப்பைப் பெட்டிக்கு மாற்றுங்கள். சந்தனம் குங்குமத்தை நூலுக்கு மேல் வைத்த ஒரு வெற்றிலையில் இட்டு, பூசை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

கேமராவுக்கென விற்கும் மின்சார உலர் அலமாரியும் நல்ல பொருளே. ஆனால் சில நூறு ரிங்கிட் ஆகும், தட்டுகள் புத்தக எடைக்கு வளையும், ஈரத் தாளை உலர்த்த அதற்கும் பல வாரம் பிடிக்கும். வாங்கினால் 50இல் வையுங்கள். 35, 40இல் வைத்தால் பழைய பசை நொறுங்கும். ஏழு தொகுதிப் பெரிய புராண உரையும் அதோடு பன்னிரு திருமுறையும் வைத்திருப்பவருக்கு, அதே செலவில் பல பெட்டிகள் வாங்குவதே மேல்.

அடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. வண்ணப் படங்கள் உள்ள வழவழப்புத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. அவற்றை மேலே, எடையின்றி வையுங்கள். தோல் அட்டை விவிலியத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் தனியாக வெள்ளைத் துணியில் சுற்றுங்கள். திருக்குர்ஆனை எல்லா நூலுக்கும் மேலே வைப்பது வழக்கம், சிறு தனிப்பெட்டி கொடுத்துவிடுவது எளிது.

தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலர்களுக்கும் பஜனைக் குழு கையால் எழுதிய பாட்டு நோட்டுகளுக்கும்தான் முதல் பெட்டியை ஒதுக்க வேண்டும். திருவருட்பாவை மறுபடியும் வாங்கலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் இடிக்கப்பட்டு இடம் மாறிய ஒரு கோயிலின் மலரை எங்கே வாங்குவது? அவற்றின் துருப்பிடித்த ஸ்டேப்ளர் முள்ளை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் கட்டி, கிடையாக அடுக்குங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு அங்குலக் கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால், கரையான் மண்பாதை போட்டாலும் கண்ணில் படும். சரஸ்வதி பூசைக்கு எப்படியும் நூல்களை எடுப்போம். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் பெருமழைக்குச் சற்று முன்னாலோ அதன் தொடக்கத்திலோ அது வரும். அன்றே சிலிக்காவை எடைபோட்டு, ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, வெடிப்பு இருந்தால் பெட்டியை மாற்றிவிடுங்கள்.