மிச்சிகன் பைத்தியத்துக்கு ஒரு மினி யூபிஎஸ்

பெட்டியின் மேல், பற்றறியின் கொள்ளளவு 8,800 எம்ஏஎச் என்று வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு நிறம், ஒரு பக்கத்தில் நீல லைட். செய்த கொம்பனியின் பெயர் எங்கேயும் இல்லை. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தில், 2024 ஜனவரி முதல் கிழமையில், 6,500 ரூபா கொடுத்து வாங்கினேன். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டர் நிற்காமல் ஓடுவதற்கான மினி யூபிஎஸ். ஆறு மணித்தியாலம் கட்டாயம் தாங்கும் அண்ணே என்றான் கடைத் தம்பி. தாங்காது. அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கிய காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் 2010 தொடக்கம் 2012 வரை அமெரிக்காவில், ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுமாணி படித்தவன். போகும்போது அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் என்னவென்றே தெரியாது. காலால் உதைக்காத பந்தாட்டத்துக்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் என்று நக்கலடித்துக்கொண்டு திரிந்தேன். 2011 செப்டெம்பர் 10ஆம் திகதி, பல்கலைக்கழக மைதானத்தில் முதன்முதலாக இரவு ஆட்டம் வைத்தார்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. 1,14,804 பேர். நல்லூர்த் தேருக்குப் பிறகு அவ்வளவு சனத்தை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. இரண்டு செக்கன் மிச்சம் இருக்கையில், பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு 35க்கு 31 என்று வென்றார்கள். பக்கத்தில் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து பதின்மூன்று வருடமாகியும் விடவில்லை. இவருக்கு அங்கை இன்னொரு குடும்பம் இருக்கு என்று மனுசி வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம் சொல்லுவா.

நேரக்கணக்கு தெரிந்தால்தான் இந்தப் பெட்டியின் அருமை விளங்கும். அங்கே சனிக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு ஆட்டம் என்றால், செப்டெம்பர், ஒக்டோபரில் இங்கே இரவு 9.30. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பியதும் 10.30. பின்னேர ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமத்தில். இரவு ஏழரை ஆட்டம் ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு, காலிவீதியில் முதல் பஸ் ஓடத் தொடங்கும் நேரத்தில் தொடங்கும். ஆட்டத்தின் கணக்குப்படி நாலு கால்பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம். ஆனால் மணிக்கூடு நின்று நின்று ஓடும், இடையில் விளம்பரம், இடைவேளையில் பாண்ட் வாத்தியம். எழும்ப மூன்றரை மணித்தியாலம் ஆகும். பெட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

2024 ஜனவரி 2, செவ்வாய். ரோஸ் போல் ஆட்டம், அதாவது அரையிறுதி, அலபாமாவுக்கு எதிராக. விடிய மூன்றரைக்கு எழும்பி, பிளேன்ரீ போட்டுக்கொண்டு கதிரையில் குந்தியவன், ஏழு மணிக்கும் எழும்பவில்லை. முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது சமப்படுத்தி, மேலதிக நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லூரி ஆட்டத்தில் மேலதிக நேரம் என்றால், ஆளுக்கொரு தடவை பந்தை 25 யார் தூரத்தில் இருந்து கொடுப்பார்கள். எங்கள் பக்கம் பிளேக் கோரம் ஓடிப்போய் டச்டவுன் போட்டான். நான் கத்தின கத்தலில் அம்மா அறைக்குள்ளிருந்து என்ன, கள்ளனோ என்று கேட்டா. இனி அலபாமாவின் முறை. நாலாவது, கடைசி முயற்சி, கோட்டுக்கு இன்னும் மூன்று யார். அவர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

ஃபேன் நின்றது. குசினியில் ஃபிரிட்ஜ் ஒரு உறுமலோடு அடங்கியது. ரவுட்டரில் ஒரு லைட்டும் இல்லை.

ஃபோன் டேட்டாவைப் போட்டேன். வட்டம் சுத்தியது. சுத்திக்கொண்டே இருந்தது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடமிருந்து ஒரு வட்ஸப், ‘மறிச்சிட்டாங்கள்’. 27க்கு 20. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ரோஸ் போல். கரண்ட் நாலே நிமிடத்தில் வந்துவிட்டது. ரவுட்டர் எழும்பி, லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பத்தி, பச்சைக்கு வர இன்னொரு நாலு நிமிடம். படம் வந்தபோது பொடியன்கள் மைதானத்தில் படுத்து உருண்டுகொண்டிருந்தார்கள். அடுத்த செவ்வாய், 9ஆம் திகதி, விடிய ஆறு மணிக்கு இறுதியாட்டம். அதற்குள் ஒரு வழி பண்ண வேண்டும் என்றுதான் பம்பலப்பிட்டிக்கு ஓடினேன்.

இனிக் கணக்கு. வாங்கப் போகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்ட வேண்டாம். 8,800 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு. எங்கள் ஃபைபர் ரவுட்டர் குடிப்பது 12 வோல்ட். 8,800ஐ அந்த 3.7ஆல் பெருக்கிப் பார்த்தால் பெட்டிக்குள் இருப்பது ஏறத்தாழ 32 வாட் மணி. என் ரவுட்டர் எட்டு வாட் அளவில் இழுக்கிறது. பிரித்தால் நாலு. வோல்ட்டைக் கூட்டும் வேலையில் கொஞ்சம் சூடாகிப் போகும். கைக்கு வந்தது 3 மணித்தியாலம் 10 நிமிடம். கடைத் தம்பி சொன்ன ஆறு மணித்தியாலம், ஐந்து வாட்டுக்கும் குறைவாக இழுக்கும் ஒரு சின்ன ரவுட்டருக்கு வேண்டுமானால் சரிவரலாம். ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் ரவுட்டரின் அடப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் 12 வோல்ட், 1 அம்பியரா, ஒன்றரையா, இரண்டா என்று எழுதியிருக்கும். பெட்டி அவ்வளவையும் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டர் என்றால் 9 என்று குறித்த ஓட்டையில்தான் செருக வேண்டும். மாறிச் செருகினால் பெட்டி பிழைக்கும், ரவுட்டர் போய்ச்சேரும்.

இன்னொரு வில்லங்கம், வயரின் முனை. வெளியே பெரும்பாலும் 5.5 மில்லிமீற்றர்தான். நடு ஓட்டை சிலதில் 2.1, சிலதில் 2.5. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெட்டியோடு வந்த வயர் 2.5, என் ரவுட்டருக்கு 2.1. செருகினால் போகும், லைட்டும் எரியும், ஆனால் லூஸ். இறுதியாட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் சோதித்துப் பார்த்தேன். மனுசி தும்புத்தடியால் கூட்டும்போது வயரில் இலேசாகப் பட்டது, ரவுட்டர் செத்தது. கடைக்குக் கோல் எடுத்தால் ‘வயருக்கு வொரண்டி இல்லை அண்ணே’. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 150 ரூபாவுக்குச் சரியான வயர் கிடைத்தது. அந்த 150ஐயும் சேர்த்து விலையை 6,650 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதியாட்டத்தன்று கரண்ட் போகவில்லை. ஹூஸ்டனில் வாஷிங்டனை 34க்கு 13 என்று உரித்தெடுத்தார்கள், பதினைந்து ஆட்டத்தில் பதினைந்தும் வெற்றி. பெட்டி மூலையில் நீலக்கண்ணை மூடாமல் சும்மா கிடந்தது. இஞ்சாருங்கோ, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு ஒரு நைட் லாம்ப் என்றா மனுசி. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

பதில் வர நவம்பர் 30 ஆகியது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். இந்தப் பகையை விளங்கப்படுத்த, கொழும்புப் பள்ளிக்கூடங்களின் ரோயல், தோமியன் கிரிக்கெட் மச் என்று சொல்வார்கள். பிழையான உவமை. அங்கே மச் முடியச் சேர்ந்து பைலா பாடலாம். இங்கே 2004 தொடக்கம் ஏழு வருடம் தொடர்ந்து தோற்றோம், 2011இல் ஒன்று வென்றோம், பிறகு 2012 தொடக்கம் எட்டுத் தடவை வரிசையாகத் தோற்றோம். அந்தக் கிழமைகளில் ஓஹையோவில் படித்த ஒரு சிநேகிதனின் கோலையே நான் எடுப்பதில்லை. 2024இல் எங்கள் ரீம் நொண்டியடித்துக்கொண்டு போனது, அவர்கள் நாட்டில் இரண்டாம் இடம், அதுவும் அவர்களின் மைதானத்தில். 10க்கு 10. இரவு ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. ஒழுங்கை முனையில் டமார் என்று ஒரு சத்தம், தொடர்மாடி முழுக்க இருட்டு.

மடிக்கணினியில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு செக்கன் தடங்கவில்லை. இருட்டுக்குள் அந்த நீல லைட்டும், திரையில் எங்கள் பொடியன்களின் சிறகு வரைந்த தலைக்கவசமும்தான் தெரிந்தன. முடிய 45 செக்கன். டொமினிக் ஸ்வாடா 21 யாரிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தான், மூன்று புள்ளி. 13க்கு 10. கத்தக்கூடாது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. தலையணையைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

இந்தப் பெட்டியைப் பற்றிய என் தீர்ப்பும் அந்த இரவோடுதான் வந்தது. மணித்தியாலத்தைப் பார்த்து இதை வாங்காதீர்கள். கரண்ட் போகிற, வருகிற அந்த இமைப்பொழுதில் ரவுட்டர் அணைந்து எழும்பாமல் இருக்கிறதே, அதற்காக வாங்குங்கள். கொழும்பில் இப்போது மணிக்கணக்காகக் கரண்ட் போவது குறைவு. நாலு நிமிடம், பத்து நிமிடம் என்றுதான் போகும். அதற்கு மூன்று மணித்தியாலம் தாராளம். 2022 மார்ச் கடைசி மாதிரி 13 மணித்தியாலம் வெட்டினால் இது விளையாட்டுச் சாமான்தான். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு பூந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், கரண்ட் வர முதலே பெட்டி கையை விரித்துவிட்டது. ஒன்று மறக்க வேண்டாம். இது ரவுட்டரை மட்டும்தான் காப்பாற்றும். ரீவி நிற்கும். மடிக்கணினியை முன்கூட்டியே சார்ஜ் பண்ணி வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பெட்டியை உண்மையாக நம்பியிருந்தது 2025 நவம்பர் 29. அன்றும் ஓஹையோ ஆட்டம், இந்தமுறை ஆன் ஆர்பரில், இரவு 10.30. டித்வா புயல் முதல்நாள்தான் நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. களனி கங்கை பெருகி வருகிறது என்று செய்தி. எங்கள் ஒழுங்கையில் கரண்ட் இல்லை, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, என்றாலும் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். பத்தே முக்கால் போல மேல்வீட்டு அன்ரி கதவைத் தட்டினா. கையில் ஃபோன். அவவின் தங்கச்சி குடும்பம் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், இரண்டு நாளாகத் தொடர்பில்லை. சிக்னல் விழுகுதில்லை தம்பி, உங்கட வைஃபை எரியுது போல கிடக்கு என்றா. கதவிடுக்கால் நீல வெளிச்சத்தைக் கண்டிருக்கிறா.

படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரவுட்டர் ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட்தான் குடிக்கும். அது எனக்குத் தெரியும். என்றாலும் மடிக்கணினியை மூடிவிட்டேன். அன்ரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பெயராக வட்ஸப்பில் தேடி, பண்டாரவளையில் ஒரு உறவுக்காரப் பெடியனைப் பிடித்து, அவன் இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது. தங்கச்சி பேசவில்லை, அவவின் மகள். பள்ளிக்கூடத்தில் இருக்கிறம் பெரியம்மா, எல்லாரும் இருக்கிறம். அன்ரி அதை ஏழெட்டுத் தரம் போட்டுக் கேட்டா. பன்னிரண்டே முக்காலுக்குப் பெட்டி ஒரு சின்ன டிக் சத்தத்தோடு நின்றது. இரண்டு வருடத்தில் 3 மணி 10, இப்போது 2 மணி 20க்கு வந்திருக்கிறது. விடிய எழும்பித்தான் அறிந்தேன், பனிக்குள் நடந்த ஆட்டத்தில் 27க்கு 9 என்று எங்களை உதைத்திருக்கிறார்கள்.

செல் தேய்ந்ததற்குப் பாதிக் காரணம் சூடு. அம்மா பெட்டிக்கு மேல் லேஸ் துணி போட்டு, அதற்கு மேல் பிள்ளையார் படம் வைத்திருந்தா, நான் கவனிக்கவில்லை. எப்போதும் சார்ஜில் கிடக்கிற சாமான், காற்றுப்படத் திறந்து வையுங்கள். திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுருட்டுக் கட்டு மாதிரி நாலு பச்சைச் செல். ஊதவில்லை. ஊதினால் பாவிக்கக்கூடாது. செல் மட்டும் மாற்றித் தருகிறார்களா என்று கேட்டேன், அந்தக் காசுக்குப் புதிதே எடுக்கலாம் அண்ணே என்கிறார்கள்.

போன கிழமை அன்ரி தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டா. அதே கடை, அதே கறுப்புப் பெட்டி. ஸ்டிக்கர் மட்டும் புதிது, 10,400 என்று போட்டிருக்கிறது. எத்தனை மணித்தியாலம் தாங்கும் தம்பி என்று கேட்டேன். கட்டாயம் எட்டு அண்ணே என்றான். வாங்கிக்கொண்டு, அப்படியே புறக்கோட்டைக்குப் போய் ஒரு 2.1 வயரும் எடுத்துக்கொண்டு வந்தேன்.