முதுகுவலிக்கு மெகா சீரியலா, கொரியன் டிராமாவா?

கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், வெயிட் தூக்காமல் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பவருக்கு டிவியை விட்டால் கதி ஏது? எனக்கு இரண்டு வழி இருந்தது. ஹாலில் மாமியார் பார்க்கும் மெகா சீரியல்கள், இல்லையென்றால் தங்கை சிபாரிசு செய்த கொரியன் டிராமாக்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கதை, நடிப்பு, கேமரா என்று மார்க் போட்டால் கொரியாதான் முன்னால் நிற்கும், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் முதுகுவலிக்காரர் யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது மெகா சீரியலைத்தான்.

செலவு பெரிய விஷயமில்லை. கேபிள் எப்படியும் வீட்டில் இருக்கிறது, ஓடிடிக்குத் தனிச் சந்தா, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது வேறு ஒன்று: எது நம்மை அசையாமல் கட்டிப்போடுகிறது?

முதுகுவலி என்றால் கட்டிலோடு கிடக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் பழசு. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1995-ல் வெளியானது. திடீர் முதுகுவலி வந்தவர்களில் சிலருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, சிலருக்கு முதுகுப் பயிற்சி, மற்றவர்களிடம் வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று சொன்னார்கள். சீக்கிரம் தேறியது இந்த மூன்றாவது கூட்டம்தான். என் பிசியோதெரபிஸ்ட் இதையே இரண்டு வரியில் முடித்துவிட்டார்: "என்ன வேணா பாருங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க."

இந்த விதிக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது மெகா சீரியல். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது நம் ஊர்ச் சட்டம். அரை மணி நேர சீரியலில் கதை ஓடுவது எப்படியும் இருபது நிமிடத்துச் சொச்சம்தான், அதுவும் துண்டு துண்டாக. விளம்பரம் வந்ததும் எழுந்து ஹாலிலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல் என்று ஒரு நடை.

"எங்க கிளம்பிட்ட? இப்பப் போட்டுருவான்."

"வந்துடறேன் அத்தை, ஒரு ரவுண்டுதான்."

போட்டால்தான் என்ன? நான் போகும்போது மருமகள் கையிலிருந்து தட்டு விழுந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் இருக்கிற ஒவ்வொரு முகமாக, இடிச் சத்தத்தோடு, இன்னும் அதிர்ச்சியடைந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு வசதி, இதைக் காதால் பார்க்கலாம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துச் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் கதை தப்பாது. யார் வந்தார்கள், யாரைப் பார்த்து முறைத்தார்கள் என்பதைக்கூட யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். கொரியன் தொடரில் சப்டைட்டிலை விட்டால் கதை போச்சு. டேப்லெட்டை வயிற்றில் நிறுத்திக் கழுத்தை மடக்குவோம், அது வலித்தால் சோபாவில் முன்னால் வளைந்து உட்காருவோம். டிஸ்க் பிதுங்கியவர் உட்காரவே கூடாத உட்கார்வு அது.

போதாததற்கு எபிசோடின் நீளம். பெரும்பாலும் ஒரு மணி நேரம், மேலேயும் போகும். 'ரிப்ளை 1988' என்ற கொரியன் தொடர் இருபதே எபிசோடுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சினிமா. கதை நடக்கிற அந்தத் தெருவையும் அங்கே இருக்கும் அம்மாக்களையும் விட்டு எழுந்திருக்க மனசு வராது. முடியும் இடத்தில் ஒரு கொக்கி போடுவார்கள், எழலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பித்துவிடும். நல்ல தொடர் என்பதுதான் இங்கே பிரச்சினையே.

கொரியாவுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு முடிவு உண்டு. பதினாறு, இருபது எபிசோடில் கதையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். நம் பக்கம் 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' சீரியல் 2009 வரை, 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. நமக்கு முதுகு சரியாகி ஆபீஸ் போன பிறகும் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், ராத்திரி சாப்பாட்டு வேளையில் அன்றைய கதையை மாமியாரிடம் கேட்க வேண்டியிருக்கும். நான் கேட்கிறேன்.

தமிழ் டப்பிங் இருந்தால் சப்டைட்டில் தொல்லை தீருமே என்பீர்கள். ஒன்றே ஒன்று அப்படிப் பார்த்தேன், காதுக்குப் பழகவில்லை. அதை வைத்து மற்றவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. துருக்கித் தொடர்கள் பக்கம் நான் சரியாகப் போகவே இல்லை. அப்புறம், இதெல்லாம் என் மாதிரி இடுப்போடு நிற்கிற வலிக்கு. கால் மரத்தாலோ சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ ரிமோட்டை வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இல்லை, கொரியாதான் வேண்டும் என்றால், சரி. டேப்லெட்டை விட்டுக் கண் மட்டத்தில் இருக்கும் டிவியில் போடுங்கள், செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், போனில் அரை மணிக்கு அலாரம் வையுங்கள். ரிமோட் மட்டும் கைக்கு எட்டாத மேஜையில் இருக்கட்டும்.