மெடிக்கல் ஷாப்பில் பிரெக்னன்சி கார்டு வாங்கினால் உறையைத் திருப்பிப் பாருங்கள்

போன மார்ச் மாதம் திருப்பூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கிற இன்னொரு பெண் இதே மாதிரி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அந்த மாதம் நான்கு நாள் தள்ளிப்போயிருந்தது. காலை வரை பொறுக்க முடியவில்லை. கம்பெனி விட்டு வரும்போதே கடையில் ஏறிக் கேட்டேன். மேற்கு வெயில் நேராக அடிக்கிற கண்ணாடி அலமாரியில் இருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டி இல்லை, வெள்ளி நிற உறை மட்டும். மேலே 60 ரூபாய் என்று ஒரு ஸ்டிக்கர். "செய்முறைச் சீட்டு இல்லையா?" என்று கேட்டதற்கு, "மூணு சொட்டு விடுங்கக்கா, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். பில் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பொருளை வாங்கிக்கொண்டு கடையில் நிற்கவே கூச்சம், சட்டென்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் வரட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். இரவு ஒன்பது மணிக்குச் சோதனை செய்தேன். சி என்ற எழுத்துக்கு நேராக ஒரு கோடு வந்தது. டி என்ற எழுத்துப் பக்கம் வெறும் வெள்ளை, அதாவது கர்ப்பம் இல்லை. அழுதுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் எழுந்து, குப்பைக்கூடையில் போட்ட கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டி பக்கம் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஒரு நிழல் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் உறையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா, நெகட்டிவ்தான். இந்த மாத்திரைய அஞ்சு நாள் போடச் சொல்லுங்க, தானா வந்துரும்" என்று ஒரு பட்டையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. எனக்கு என்ன வயது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று எதுவும் கேட்கவில்லை. அது மாதவிலக்கை வரவழைக்கிற ஹார்மோன் மாத்திரை. நம்பி ஐந்து நாளும் போட்டேன்.

மாதவிலக்கு வரவில்லை. இன்னும் ஒரு வாரம் காத்திருந்தேன். காலையில் எழுந்தால் தலைசுற்றல், தோசைக்கல் சூடாகிற வாசனையே குமட்டியது. அத்தைதான், "மெடிக்கல்காரன் சொல்றத விடு, நர்ஸம்மாகிட்ட போலாம் வா" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே காலை முதல் சிறுநீரில் சோதனை செய்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன. ஸ்கேனில் ஆறு வாரம் ஆறு நாள், இதயத் துடிப்பும் தெரிந்தது. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் போட்ட மாத்திரைதான் கண் முன்னால் நின்றது. டாக்டர் பட்டையைப் பார்த்துவிட்டு, இதனால் பொதுவாகக் கரு கலையாது, பயப்படாதே என்றார். ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் இதைத் தொடவே கூடாது என்று கோபமாகவும் சொன்னார். ஐந்தாம் மாத ஸ்கேன் வரை நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. போன வாரம் அந்த ஸ்கேன் முடிந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது.

நர்ஸ் அக்கா அன்று, "கார்டு உறை இருக்கா கண்ணு?" என்று கேட்டார். மாத்திரைப் பட்டையோடு சேர்ந்து கைப்பையிலேயே கிடந்தது. நகத்தால் அந்த 60 ரூபாய் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தார். பாதி உரிந்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே அச்சடித்திருந்த விலை 45 ரூபாய். அதன் கீழே காலாவதித் தேதி, போன வருடம் ஆகஸ்ட். ஏழு மாதம் முன்பே செத்துப்போன கார்டை, விலையையும் ஏற்றி என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"சி கோடு வந்துச்சேக்கா, அப்ப கார்டு நல்ல கார்டுதானே?" என்று கேட்டேன். சி கோடு வந்தால் சிறுநீர் கார்டுக்குள் இருக்கிற பட்டை முழுவதும் ஓடியிருக்கிறது என்றுதான் அர்த்தமாம். கர்ப்ப ஹார்மோனான எச்சிஜியைப் பிடிக்கிற மருந்து டி கோட்டில் இருக்கிறது. அது வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போயிருந்தால் சி கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கார்டுகளைப் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லி உறையிலேயே போட்டிருக்கிறது. மார்ச் மாத வெயிலில் கண்ணாடி அலமாரிக்குள் என்ன சூடு இருக்கும்? உறைக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும், உறையில் ஓட்டை இருந்தாலும் அந்தக் கார்டை நம்பாதீர்கள். பிரித்த உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

என் பக்கமும் தப்பு இருந்தது, யாரும் சொல்லித் தராததால் வந்த தப்பு. தண்ணீர் குடித்துவிட்டு இரவில் செய்தால் சிறுநீர் நீர்த்துப்போய், இருக்கிற கொஞ்ச ஹார்மோனும் தெரியாமல் போகலாம். நாள் தள்ளிய பிறகு, காலையில் முதலில் போகிற சிறுநீரில் செய்வதுதான் நல்லது. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும், பத்து நிமிடம் தாண்டினால் அந்தக் கார்டை மறந்துவிட வேண்டும். நான் விடியற்காலையில் பார்த்த சாம்பல் நிழல் ஈரம் காய்ந்த தடமாகத்தான் இருக்கும் என்றார் அக்கா. நேரத்துக்குள் வருகிற கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், நிறம் இருந்தால் அது கோடுதான். ஒரே கோடு வந்து, மாதவிலக்கும் வரவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் விட்டு வேறு கார்டில் மறுபடி பார்க்க வேண்டும். கரு ஒட்டிய ஆரம்ப நாட்களில் எச்சிஜி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்போதும் சந்தேகம் என்றால் ரத்தத்தில் அதே ஹார்மோனை அளக்கிற பீட்டா எச்சிஜி சோதனை பார்க்கலாம்.

குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. கருமுட்டை வெடிக்கப் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது எச்சிஜிதான். போட்ட பத்துப் பதினாலு நாளுக்குள் பார்த்தால் கர்ப்பம் இல்லாமலேயே இரண்டு கோடு வரலாம். அப்புறம், கார்டு என்ன காட்டினாலும் சரி, நாள் தள்ளி அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, மயக்கம் என்று வந்தால் அடுத்த கார்டு வாங்க நிற்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பப்பைக்கு வராமல் கரு கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

கடைக்குப் போய்க் கேட்டோம். "பையன் தெரியாம பழசை எடுத்துக் குடுத்துட்டான், 60 ரூபாயைத் திருப்பித் தந்தர்றேன்" என்றார்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் பேச்சே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம், மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்தோம். முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். இல்லை. கூச்சப்படாமல் அன்று ஒரு நிமிடம் நின்று வாங்கியிருக்கலாம்.

பாதி உரிந்த ஸ்டிக்கரோடு அந்த உறை இப்போதும் பீரோவில் இருக்கிறது. அசலைக் கேட்டு எப்போது கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு போவேன்.