வரிசையா, குழுவா, ‘ப’ வடிவமா? புது ஆசிரியருக்கு எது சரிப்படும்

புதிதாக ஒரு வகுப்பறை கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது சார்ட்டும் வண்ணத்தாளும்தான். என்னைக் கேட்டால் மேசை நாற்காலியை எப்படிப் போடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். யார் யாரோடு பேசுவார்கள், யாருடைய நோட்டை உங்களால் எட்டிப் பார்க்க முடியும், யார் ஒரு வாரம் வாயே திறக்காமல் இருந்துவிடலாம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் அமைகிறது.

வரிசை என்றாலே பழைய பாணி என்று இப்போது முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கணக்குப் போடுவது, கட்டுரை எழுதுவது போலத் தனித்தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசையை மிஞ்ச ஒன்றுமில்லை. இருக்கை அமைப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த ஒரு கட்டுரையும் இதையே சொல்கிறது, அதிலும் வகுப்பில் அதிகம் தொந்தரவு செய்கிற பிள்ளைகளுக்குத்தான் வரிசையால் கூடுதல் பலனாம். குறை என்னவென்றால், முன்வரிசையிலும் நடுவிலும் இருப்பவர்களோடுதான் ஆசிரியரின் பேச்சு பெரும்பாலும் நடக்கிறது, கடைசி ஓரத்துப் பிள்ளை அப்படியே கண்ணில் படாமல் போய்விடும். நடக்கத் தாராளமாக வழி விடுங்கள், அடிக்கடி இடத்தை மாற்றி உட்கார வையுங்கள், பாதிக் குறை தீரும்.

நான்கு பேர் சேர்ந்த குழு பார்க்க அழகாக இருக்கும், சோதனை செய்யவும் விவாதிக்கவும் அதுதான் வசதி. ஆனால் குழுவாக உட்கார வைத்துவிட்டு ஆளுக்கொரு பயிற்சித்தாளைக் கொடுத்து ‘பேசக்கூடாது’ என்றால் எப்படி? எதிரில் தோழியின் முகம் இருக்கும்போது பேச்சு வரத்தான் செய்யும். அப்புறம் இன்னொன்று, போர்டில் பாடம் நடக்கும்போது யாருடைய முதுகும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. மேசைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் கழுத்தை முழுக்கத் திருப்பாமலே எல்லாருக்கும் போர்டு தெரியும்.

‘ப’ வடிவம் மொழிப் பாடத்துக்கும் கலந்துரையாடலுக்கும் அருமையானது. ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வில், வரிசையை விட அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் அதிகம் கேள்வி கேட்டார்கள். ஆனால் இடம் நிறைய வேண்டும், நாற்பது பேர் இருக்கும் அறையில் இது நடக்காது.

சுவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் பாடம் நடத்திப் பார்த்தது. அலங்கார அறையில் நேரத்தில் 38.6% கவனம் வேறெங்கோ போனது, வெறும் சுவர் அறையில் 28.4%தான். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடையும் 42%, 55% என்று அதே போக்கில்தான் வந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் போர்டைச் சுற்றி எதையும் ஒட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு அது போதும். பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் பின்சுவரில் மாட்டுங்கள், முற்றிலும் வெறுமையாக விட வேண்டியதில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெயர்கள் மனசில் பதியும் வரை இரண்டிரண்டு பேராக வரிசை. குழு வேலை வரும்போது முன்வரிசை இருவர் நாற்காலியை மட்டும் பின்னால் திருப்பினால் நால்வர் குழு தயார், மேசையை நகர்த்தவே வேண்டாம். சத்தமில்லாமல் திரும்பவும் பழைய இடத்துக்கு வரவும் முதல் வாரத்திலேயே நாலைந்து முறை பழக்கிவிடுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாள், நான்கு மூலை நாற்காலிகளிலும் நீங்களே உட்கார்ந்து போர்டைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாத இடம் ஒன்றாவது இருக்கும், அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.