துப்பாக்கிப் பெட்டியோடு ஏழு வருடம்

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நிற்கும் இரும்பு அலமாரிக்கு வயது ஏழு. அதற்குப் பின் வாங்கிய கைரேகைப் பெட்டி இரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தது. இப்போது இருப்பது பேட்டரியே இல்லாத ஒரு பொத்தான் பெட்டி. பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் உள்ள வீட்டில் இந்த மூன்றும் எப்படி நடந்துகொண்டன என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

'உனக்கெதுக்குடா துப்பாக்கி?' என்ற கேள்வியை என் தம்பியே கேட்டுவிட்டான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். இங்கே நவம்பர் 15 மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் பிளான்ட்டில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள், சில ஊர்களில் பள்ளிக்கே விடுமுறை. கூட வேலை பார்ப்பவர்களோடு போய்ப் பழகி, 2018இல் ஒரு ஷாட்கன் வாங்கினேன். 2020இல் ஊரே பயந்துகிடந்தபோது ஒரு கைத்துப்பாக்கியும் சேர்ந்தது. அதற்கு இன்றுவரை ஒரு வேலையும் வரவில்லை. (கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். ஹெச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு ஏதும் இல்லாமல் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம்.)

முதலில் அலமாரி. ஆளுயரம், மெல்லிய தகடு, சாதாரணச் சாவி. திருடனைத் தடுக்காது, பிள்ளைகளைத் தடுக்கும். வந்த அன்றே கான்கிரீட்டில் துளை போட்டு போல்ட் அடித்தேன். வெறும் தகடு என்பதால் சாய்ந்து பிள்ளை மேல் விழுந்தால் அதுவே ஒரு விபத்து. நான் எதிர்பார்க்காதது ஈரம். முதல் கோடை முடிந்து துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால், குழலின் மேல் என் கட்டைவிரல் ரேகை துருவில் அப்படியே அச்சடித்தாற்போல் இருந்தது. போன தடவை தொட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடைக்காமல் வைத்ததன் பலன். அப்போதிலிருந்து கீழே காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹ்யூமிடிஃபயர் ஓடுகிறது, அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் டப்பா இருக்கிறது.

பெரிய பிரச்சினை சாவி. அதை அலமாரிக்குப் பக்கத்து விட்டத்தின் மேல் வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மா பேஸ்மென்ட்டைப் பெருக்கும்போது அதைக் கண்டுபிடித்து, 'சாவியை இப்படியா போட்டு வைப்பே?' என்று திட்டிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில், மற்ற சாவிகளோடு மாட்டிவிட்டார். நான் கவனித்தது மூன்று நாள் கழித்து. என் மகள் அப்போது நாற்காலி இழுத்துப் போட்டு ஏறும் வயது. அம்மாவைக் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டு பீரோ சாவி அவருடைய பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது எனக்கும் தம்பிக்கும் ஐந்து வயதிலேயே தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்குத்தான் தெரியாது.

2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தபோது அந்த பீரோதான் நினைவுக்கு வந்தது. அட்லான்டாவில் 8 முதல் 12 வயது வரையுள்ள பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, ஒருபக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். இழுப்பறையில் சுடாதபடி மாற்றப்பட்ட ஒரு நிஜக் கைத்துப்பாக்கி. 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒருவன் ட்ரிக்கரை இழுத்தும் பார்த்துவிட்டான். கால் மணி நேரத்துக்குள். அவர்களில் பெரும்பாலோர் 'துப்பாக்கியைத் தொடாதே' பாடத்தை ஏற்கெனவே கேட்டவர்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2020இல் கைத்துப்பாக்கிக்காகக் கைரேகைப் பெட்டி வாங்கினேன், நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே. முதல் மாதம் பிரமாதம். டிசம்பரில் தோல் வறண்டதும் மூன்றுக்கு ஒரு தடவைதான் திறந்தது. பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தால் அதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் பேட்டரி போய்ச் செத்துக் கிடந்தது. மாற்றுச் சாவி ஒன்று தருகிறார்கள். மறுபடி சாவி, மறுபடி அதை ஒளிக்க ஓர் இடம்!

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை, காலிப் பெட்டியின் தலையில் முஷ்டியால் குத்திக்கொண்டே குமிழைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது குத்தில் திறந்துகொண்டது. இந்த வகை மலிவுப் பெட்டிகளில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஊசிதான் பூட்டைப் பிடித்திருக்கிறது, அதிர்ச்சியில் அது ஒரு கணம் நழுவுகிறது. உங்களிடம் இருந்தால் இன்றே காலி செய்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். என்னுடையதைக் குப்பையில் போட்ட அடுத்த வருடம், 2023 அக்டோபரில், வேறொரு நிறுவனத்தின் கைரேகைப் பெட்டிகள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் திறக்கிறது என்று 39 புகார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் இறந்தும் போயிருந்தான்.

இப்போதுள்ள பெட்டியில் ஐந்து பொத்தான்கள், ஒரு குமிழ், அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. சில பொத்தான்களைத் தனியாகவும் சிலவற்றை இரண்டு சேர்த்தும் அழுத்தலாம், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் சேர்க்கை. விலை முன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல். மூன்று வருடமாக ஒரு தடவைகூட என்னை வெளியே நிறுத்தவில்லை. படுக்கையறை குளோசெட் சுவரின் மரச்சட்டத்தில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன். தோட்டா இல்லாத கைத்துப்பாக்கியோடு அலமாரிச் சாவியும் தோட்டா டப்பாவின் சாவியும் அதற்குள்தான். அம்மா அடுத்த முறை வந்தபோது கண்டுபிடிக்க எதுவுமில்லை.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கம்பெனி வைத்து அனுப்பும் எண்ணை மாற்றுவது. நாங்கள் இருக்கும் இதே ஓக்லண்ட் கவுன்டியில், ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021 நவம்பரில் நான்கு பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது பதினைந்து. அவன் வீட்டு சேஃபின் எண் 0-0-0 ஆகவே இருந்தது என்று வழக்கில் சாட்சியம் வந்தது. பெற்றோர் இருவருமே 2024இல் தண்டிக்கப்பட்டார்கள். அதே வருடம் பிப்ரவரி 13 முதல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் இருக்கும் அல்லது வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது மிச்சிகன் சட்டம். பிள்ளை கையில் அது கிடைத்து உயிர் போனால் வைத்திருந்தவருக்குப் பதினைந்து வருடம்வரை சிறை.

'என் பையனுக்குப் பதினாறு ஆச்சு, புரிஞ்சுக்குவான்' என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அந்த வயதுதான் அதிகப் பயம். சின்னப் பிள்ளையிடம் பயம் விபத்து. பெரிய பிள்ளையிடம் பயம், ஒரு மோசமான ராத்திரி. மார்க், காதல், பள்ளியில் யாரோ சொன்ன ஒரு சொல். அந்த ராத்திரி விடியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே போதும், பல பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். நம் வீடுகளில் இதைப் பேசவே மாட்டோம்.

பணம் செலவழிக்க மனமில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே கேபிள் பூட்டு (துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டுவது) கிடைக்கிறது, நான் இரண்டு வாங்கி வந்தேன். அலமாரிக்குள் ஷாட்கனுக்கு இன்னும் ஒன்று மாட்டியிருக்கிறது. அது மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். கம்பியை வெட்ட ஒரு நல்ல கட்டர் போதும்.

கொலு சமயத்தில் எங்கள் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரும். சுண்டல் கைக்கு வந்த அடுத்த நிமிடம் எல்லாம் பேஸ்மென்ட்டில் இருக்கும். அதனால் அழைக்கும்போதே, 'எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு, பூட்டித்தான் இருக்கு' என்று சொல்லிவிடுகிறோம். முதல் வருடம் ஒரு குடும்பம் வரவில்லை. வருத்தம்தான், ஆனால் தப்பு சொல்ல மாட்டேன். நாங்களும் மகளை வேறு வீட்டுக்கு அனுப்புமுன், நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்பதோடு சேர்த்து இதையும் கேட்கிறோம். என் மனைவி அதைக் கேட்கும் பாங்கு, என்னமோ சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதுபோல் இருக்கும்.

பொத்தான் பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தரலாம். அந்த அரை எங்கே போனது என்பது போன மாதம்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் மகள் ஸ்பூனால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். டக், டக்டக், டக். கேட்ட தாளம். 'என்ன கண்ணு அது?' என்றேன். 'அப்பா, உங்க பெட்டி இப்படித்தானே சத்தம் போடும்?' எந்தப் பொத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. எத்தனை தடவை, எங்கே இரண்டைச் சேர்த்து என்பது தெரிந்துவிட்டது. அன்று ராத்திரியே எண்ணை மாற்றினேன். இப்போதெல்லாம் குளோசெட் கதவைச் சாத்தி, பாத்ரூம் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.