முதுநகர் மீன் மெஸ்ஸில் சோறில்லாத சாப்பாடு

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த மெஸ். போர்டு கிடையாது. பச்சை பெயின்ட் அடித்த தகரக் கதவும் வாசலில் கவிழ்த்து வைத்த மீன் கூடைகளும்தான் அடையாளம். மீன் சாப்பாடு 120 ரூபாய், வறுவல், தொக்கு எல்லாம் தனிக்காசு.

சர்க்கரைக்காக அரிசியை நிறுத்தியவனுக்கு மெஸ்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இந்த ஊரில் இதைவிடத் தோதான இடத்தை நான் பார்க்கவில்லை. பாண்டிச்சேரியில் ‘கீட்டோ’ என்று மெனு கார்டில் அச்சடித்து, நாலு துண்டு பன்னீரையும் கொஞ்சம் இலைதழையையும் வைத்துவிட்டு நானூறு ரூபாய் வாங்குகிற கடைக்கும் போயிருக்கிறேன். வெளியே வந்ததும் டீக்கடை வடை கண்ணில் பட்டது. மீனில் மாவுச்சத்தே கிடையாது. இறாலிலும் கணவாயிலும் பெயருக்குத்தான். 100 கிராம் சாதத்தில் மட்டும் 28 கிராம் இருக்கிறது. மெஸ்ஸில் முதல் ரவுண்டிலேயே முந்நூறு கிராமாவது கொட்டிவிடுவார்கள். அதை மட்டும் தடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற இலை முழுக்க நம்முடையது.

தடுப்பதுதான் பாடு. நடத்துகிற அக்கா கரண்டியோடு நின்றுவிட்டார்.

“சோறு வேணாமா? அப்ப கொழம்ப எதுல ஊத்துறது?”

“கிண்ணத்துல குடுங்கக்கா.”

“சுகரா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. எல்லா வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறதே. சோற்றுக்குப் பதிலாகப் பொரியலை இரண்டு பங்காக வைத்து, ஒரு அவித்த முட்டையும் வைத்தார். காசு அதே 120தான். நியாயமாகத்தான் பட்டது.

இங்கே சாப்பிட வேண்டியது சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது என்று ஒதுக்கிவிடுகிற ஆண்கள் பரிதாபத்துக்குரியவர்கள். பேர்தான் புட்டு, மாவு ஒரு சிட்டிகை கிடையாது. சின்ன சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல்தாள் மாதிரி இருக்கிற தோலை உரித்து, குருத்தெலும்பை எடுத்துவிட்டு, தண்ணீரை ஒட்டப் பிழிந்து உதிர்க்கிறார்கள். பிழிவதில்தான் சூட்சுமம். சரியாகப் பிழியாவிட்டால் வாணலியில் கூழாகிவிடும். இங்கே தேங்காய்த் துருவல் மாதிரி தனித்தனியாக நிற்கிறது. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் தாராளம். சோம்பு மட்டும் எனக்கு ஒரு இழை கூடுதல். சுறா பழையதானால் மூக்கில் நவச்சாரம் ஏறுகிற மாதிரி ஒரு நெடி வரும். இங்கே அந்தப் பிரச்சினை எனக்கு வந்ததில்லை. காலையில் ஏலத்தில் எடுத்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஒரு தட்டு 100 ரூபாய். அதுவே வயிறு நிறையும்.

நெத்திலி வறுவலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மொறுமொறுப்புக்குச் சோள மாவு சேர்க்கிறார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு மாவுச்சத்துதான், போதாததற்கு மசாலா என்ற பெயரில் சிவப்பு கலர் வேறு. “மாவு போடாம, கல்லுல போட்டுக் குடுங்க” என்று சங்கராவோ கவளையோ கேட்டால் தருகிறார்கள், பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கவளைதான் என் கட்சி. வஞ்சிரத்தில் மூன்றில் ஒரு பங்கு விலை, நல்ல கொழுப்பு, முள்ளோடு பொறுமையாகப் போராட வைப்பதால் அவசரமாகவும் தின்ன முடியாது.

குழம்பில் ஒரு சங்கதி. புளியின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. நாக்குக்குப் புளிப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கெட்டிக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்காமல், மீன் துண்டை எடுத்துக்கொண்டு ருசிக்கு ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். ரசம், மோர் சுமார். பொரியல் பெரும்பாலும் கோஸ், சில நாள் வாழைத்தண்டு. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை வெட்டாதீர்கள்; சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு மேல் இங்கே எனக்குக் கிடைக்கிற இன்னொன்று குப்பை. செதில், குடல், தலை எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டித் தரச் சொல்லி வாங்கிப் போகிறேன். அதே எடைக்கு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, இறுக மூடி நிழலில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து மாடித் தொட்டிகளுக்குத் தெளிக்கிறேன். அரைக்கீரையும் கத்தரியும் இலை கரும்பச்சையாக வருகின்றன. பக்குவமாக ஊறினால் நாற்றம் கூட இல்லை, பழ வாடைதான். எனக்கு ஆகாத வெல்லம் கத்தரிக்காவது ஆகட்டும். பஸ்ஸில் மட்டும் அந்தக் கவரைக் கொண்டு போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது இங்கே நாட்டுப்படகிலும் ஃபைபர் படகிலும் வருவதை வைத்துத்தான் சமையல், விலையும் ஏறும். சுறாப்புட்டு இருந்தால் அதிர்ஷ்டம்.

செவ்வாய் லீவு. மற்ற நாளில் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் புட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் கொஞ்சம் கூடவே விழும். ஜிபே இருக்கிறது, ஆனால் சந்துக்குள் சிக்னல் எடுக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.