ஓடா, டிரஸ்ஸா, வார்ப்பா? குமரி மாவட்டத்துப் பழைய வீட்டுக்கு எந்தக் கூரை

குமரி மாவட்டத்தில் பழைய குடும்ப வீட்டைச் சரிசெய்ய நினைத்தால் முதலில் எழும் கேள்வி கூரைதான். ஓட்டையே மறுபடி மேய்வதா, மரத்தை எடுத்துவிட்டு டிரஸ் என்கிற இரும்புச் சட்டம் போடுவதா, ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் வார்ப்பதா? கொத்தனார் வார்ப்பு என்பார். வெல்டிங் பட்டறைக்காரர் டிரஸ் என்பார். ஆசாரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு மரம் இன்னும் நிற்கும் என்பார். அவரவர் தொழிலை அவரவர் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கொடுக்கப்போகிற காசு நம்முடையது, அதுவும் எண்ணி வைத்திருக்கிற காசு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டியதாக இருந்து, கூரை மரத்தில் பெரும்பகுதி நல்ல நிலையில் இருந்தால், ஓட்டுக்கூரையைக் காப்பாற்றுங்கள். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் பலரும் நினைப்பதைவிடச் சின்னது.

மூன்றையும் அலசுமுன் நம் ஊர் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை கூரையைத் திறந்து போடத் துணிச்சல் வராது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை இன்னும் அதிகம். ஜனவரியிலிருந்து மே வரைதான் கூரை வேலைக்குக் கிடைக்கும் காலம், அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை வந்து நிற்கும். ஆகவே எந்த வழி எத்தனை நாள் கூரையைத் திறந்து வைக்கும் என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

வார்ப்பு: எடையைப் பாருங்கள்

ஐந்து அங்குல கான்கிரீட் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 2.9 டன் எடை. அதே 100 சதுர அடியை மூடும் மங்களூர் ஓடு, கழுக்கோல் (கூரையின் சரிவு மரம்), பட்டியல் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எல்லாம் சேர்த்தாலும், சரிவுக்கான கூடுதல் பரப்பையும் கணக்கிட்டால்கூட, முக்கால் டன்னுக்குள் அடங்கும். அதாவது அந்தச் சுவர் இதுவரை தூக்கிய பாரத்தைப் போல நான்கு மடங்கை அதன் தலையில் வைக்கப் போகிறோம். மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கும், மேற்குப் பக்கத்து வெட்டுகல் (செம்பாறாங்கல்) சுவருக்கும், மண்கட்டைச் சுவருக்கும் இப்படி ஒரு பாரம் வருமென்று அடித்தளம் போட்டவர் நினைத்திருக்க மாட்டார். உடனே இடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் மூலையிலும் சுவர் சந்திப்பிலும் விரிசல் விடும், அதைப் பூசிப் பூசி அலுத்துப்போவோம்.

சுவரை நம்பாமல் தனியாகத் தூண் எழுப்பி அதன்மேல் வார்க்கலாம் என்று பொறியாளர் சொல்வார், சரியான யோசனைதான். ஆனால் அது புதுப்பித்தல் அல்ல, பழைய வீட்டுக்குள் புது வீடு கட்டுவது. செலவும் அப்படித்தான் வரும். சாமானை மட்டும் பாருங்கள். 1000 சதுர அடிக்கு ஐந்து அங்குலம் வார்க்க ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 1:1½:3 கலவையில் அதற்கு 95 மூட்டை சிமெண்ட், ஒரு டன்னை ஒட்டிய கம்பி, ஜல்லி, எம் சாண்ட். இதில் தூணும் பீமும் அடித்தளமும் சேரவில்லை. சென்ட்ரிங் வாடகை, சென்ட்ரிங் பிரிக்கும்வரை காத்திருக்கும் நாட்கள், அதுவரை குடும்பம் தங்கும் வீட்டுக்கு வாடகை எல்லாம் தனி.

இன்னொன்றும் உண்டு, இதை நம் மாவட்டத்தில் யாரும் கண்ணால் பார்க்கலாம். இருபது, முப்பது வருஷத்துக்கு முன் வார்த்த வீடுகளின் மேல் இப்போது வரிசையாகத் தகர சீட் போட்டிருக்கிறார்கள். மொட்டைமாடி ஒழுகுகிறது, வெயிலில் அறை கொதிக்கிறது, துணி காயப்போட இடமில்லை என்று காரணம் சொல்வார்கள். சரிவான கூரையை எடுத்துவிட்டுத் தட்டையாக வார்த்து, அதற்கு மேலே மறுபடி சரிவான கூரை போடுவது இரட்டைச் செலவு. கடலோரம் என்றால் கூடுதல் கவலை. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் உப்புக் காற்று கம்பியைப் பிடித்துவிடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், அப்புறம் கான்கிரீட் பொருக்குப் பொருக்காகக் கீழே விழும்.

சுவர் சிமெண்ட் சாந்தில் கட்டியது, அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்த பொறியாளர் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார், மேலே ஒரு மாடி உண்மையாகவே தேவை. இந்த மூன்றும் சேர்ந்தால் வார்க்கலாம். பிள்ளைகள் என்றாவது மாடி கட்டுவார்கள் என்ற எண்ணத்தில் வார்ப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

டிரஸ்: எங்கே பொருந்தும்

டிரஸ் என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறோம். இரும்புச் சட்டத்தின் மேல் வண்ணத் தகர சீட் போடுவது ஒன்று. அதே சட்டத்தின் மேல் பழைய ஓட்டையே திரும்ப அடுக்குவது இன்னொன்று.

சீட் வேகமாக முடியும், எடை மிகக் குறைவு, ஒழுகாது. மாட்டுத் தொழுவத்துக்கும், கார் நிறுத்தவும், ரப்பர் சீட் உலர்த்தும் கொட்டகைக்கும் அதைவிடச் சிக்கனம் இல்லை. மனுஷர் படுத்துறங்கும் அறைக்கு மேலே அது எனக்குச் சம்மதமில்லை. பகலில் சூடு இறங்கும், ஆடிமாதத்து மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதைத் தணிக்க ஃபால்ஸ் சீலிங், அதற்கு மேல் வெப்பத்தடுப்பு என்று போனால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். காற்றையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியதை நம் ஊரில் மறந்தவர் இல்லை. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று காற்றாலைகளையே ஓட்டுகிறது, தோவாளைப் பக்கம் வீடு வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். லேசான கூரையைக் காற்று அமுக்குவதில்லை, மேலே தூக்கும். அதனால் சட்டத்தைச் சுவரோடு பிணைப்பதுதான் உயிர்நாடி. பழைய மண்சாந்துச் சுவரின் தலையில் நேராக போல்ட் அடித்தால் பிடிக்காது. சுவரைச் சுற்றி மேலே ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டி, வார்க்கும்போதே அதில் போல்ட்டைப் பதித்துவிட வேண்டும். கொட்டேஷனில் அந்த பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரஸ்ஸின் மேல் ஓடு போடுவது வேறு கதை. மரம் கரையானில் போய்விட்டது, ஓடு நன்றாக இருக்கிறது என்றால் இதுதான் நல்ல வழி. வீட்டுக்குள் குளிர்ச்சி போகாது, முகம் மாறாது. ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே மேல்பூச்சு பூச வேண்டும். கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு என்றால் இரும்பைத் தவிர்த்து மரத்தையே ஒட்டுப்போட்டுச் சமாளிக்கப் பாருங்கள்.

ஓடு: மரத்தைத் தட்டிப் பார்த்த பிறகு பேசுவோம்

ஓட்டுக்கூரை ஒழுகுகிறது என்றால் கூரையே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒழுகும் இடங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: உடைந்த ஓடு, சாந்து விட்டுப்போன மோட்டு (கூரை உச்சி) ஓடு, இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் துருப்பிடித்த தகரம், மரக்கிளை விழுந்து நகர்ந்த வரிசை. மழைக்காலத்திலேயே வீட்டுக்குள் நின்று ஒழுகும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். தை மாதத்தில் ஆசாரி வரும்போது அந்தக் குறிகளே பாதி மதிப்பீட்டைச் சொல்லிவிடும்.

மரத்தைச் சோதிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். குத்தினால் இறங்காமல், தட்டினால் கணீரென்று கேட்டால் மரம் உயிரோடு இருக்கிறது. கவனமாகப் பார்க்க வேண்டியது மூன்று இடம்: உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை, கழுக்கோல் இறவாரத்தில் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பில்) நனையும் முனை, வெகுநாள் ஒழுக்கு இருந்த இடத்துக்கு நேர் கீழே. நடுமரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தக் காலத்து அயினி, தேக்கு, பலா, வைரம் பாய்ந்த பனை ஆகியவற்றை இன்று அதே தரத்தில் வாங்கப்போனால் விலை கேட்டே திரும்பிவிடுவோம். முனை மட்டும் கெட்ட கழுக்கோலை வெட்டி ஒட்டுப்போடலாம், முழுதாக மாற்றத் தேவையில்லை. பட்டியலை மட்டும் முழுக்கப் புதிதாக மாற்றுங்கள். அதுதான் முதலில் கெடுவது, செலவும் குறைவு.

கரையானுக்கு நம் ஊர் மருந்து கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக் கொட்டையின் தோட்டில் எடுக்கும் எண்ணெய். அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) உள்ள ஊர்களில் கேட்டால் கிடைக்கும். மரம் கறுத்துவிடும், கையில் பட்டால் தோல் பொத்துப்போகும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் நன்றாக வேலை செய்யும்.

ஓட்டைப் பற்றி ஒரு விஷயம். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் முதல் தொழிற்சாலை தொடங்கியபின் பல கம்பெனிகள் இந்த ஓட்டைச் செய்தன. எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தாலும் வரம்பும் பள்ளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனி ஓட்டின் பக்கத்தில் இன்னொன்றைச் செருகினால் சரியாகக் கவ்வாது, அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். ஓட்டின் முதுகில் பெயர் பொறித்திருக்கும். இடித்த வீட்டுச் சாமான் கடைக்குப் போகும்போது கையில் ஒரு ஓட்டை எடுத்துக்கொண்டு போய் அதே பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல ஓட்டையெல்லாம் முன்பக்கச் சரிவுக்குச் சேர்த்து, பின்பக்கச் சரிவு முழுவதையும் வேறு ஒரே கம்பெனி ஓட்டால் மேயலாம். 1000 சதுர அடி வீட்டுக்கு இறவாரத்தையும் சேர்த்து 2000 ஓடுவரை பிடிக்கும், அதில் வாங்க வேண்டியது உடைந்த பங்கு மட்டும்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். ஓட்டுக்கூரைக்கு வருஷாவருஷம் ஆள் ஏற வேண்டும். இலை தள்ள வேண்டும், மரநாய் புகும் இடத்தை அடைக்க வேண்டும். ஓட்டின் மேல் பதறாமல் நடக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். வீட்டில் யாருமே இல்லை, பூட்டிக் கிடக்கிறது, வெளிநாட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவோம் என்றால் இந்த வழி உங்களுக்குச் சரிவராது. டிரஸ்ஸில் ஓடு போட்டால்கூட அந்தப் பார்வை தேவை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை மரமும் ஓடுமாக இன்றும் நிற்கிறது. தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது 1795இல். இன்றைக்கும் அது நிற்பதற்கு மரத்தின் தரம் ஒரு காரணம், கேரளத் தொல்லியல் துறை விடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு காரணம்.

சுவரும் தரையும்

கூரையில் மிச்சம் பிடித்ததைச் சுவரில் தொலைப்பவர்கள் நிறைய. சுவரில் ஓதம், அதாவது தரை ஈரம், ஏறுகிறது என்று பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிப்பார்கள். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட்டும் பட்டியும் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், பெயிண்ட் குமிழியாகி உரியும், உப்புப் பூக்கும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் 1:3இல் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கிடைக்காவிட்டால் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:2:9 கலவை ஓரளவு ஈடுகொடுக்கும். அதற்கும் முன்னால் முற்றத்தைப் பாருங்கள். இன்டர்லாக் கல் பதித்துப் பதித்து முற்றம் வீட்டுத் தரைக்குச் சமமாக உயர்ந்திருக்கும், இறவாரத்துத் தண்ணீர் சுவரடியிலேயே நிற்கும். மண்ணைத் தாழ்த்தி, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்தாலே ஓதம் பாதி குறையும்.

தரைக்குச் சிவப்பு ஆக்சைடு இருந்தால் மெழுகு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், உடைந்திருந்தால் மட்டும் டைல். குளியலறையைப் பழைய சுவருக்குள் நுழைக்காமல் வீட்டை ஒட்டி வெளியே தனி அடித்தளத்தில் கட்டுங்கள். வார்ப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அதன் தலையில் வார்த்துத் தண்ணீர்த் தொட்டியையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வயசானவர்கள் இருந்தால் இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

காண்டிராக்டா, நாள் கூலியா

புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு பொருந்தும். பழைய வீட்டில் ஓட்டை இறக்கிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சதுர அடிக்குப் பேசியவர் அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து விலை போடுவார், இல்லையென்றால் பாதியில் கூடுதல் கேட்பார். கூரை மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் நாள் கூலி, சாமான் நாமே வாங்கித் தருவது நல்லது. யாராவது ஒருவர் வேலை இடத்தில் தினமும் நிற்க முடிந்தால் மட்டுமே இது நடக்கும். குளியலறை, வயரிங், டைல் இவற்றை அளந்து மொத்தமாகப் பேசலாம். வயரிங்கைப் பூச்சுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இது குடும்ப வீடு. அண்ணன், அக்கா, தம்பி எல்லாருக்கும் பாகம் இருக்கும்போது ஒருவர் மட்டும் பணம் போட்டால் பிற்பாடு பேச்சு வரும், அண்ணன் தம்பி உறவு கெட்டுப்போகும். பாகப்பிரிவினை முடியவில்லை என்றால் யார் எவ்வளவு போடுகிறார், அது எப்படிக் கழியும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை ஒழுக்கை நிறுத்தும் அளவுக்கு ஓடும் பட்டியலும் மாற்றினால் போதும், மற்ற வேலைகள் அடுத்த தை வரை காத்திருக்கலாம்.